வெண்கலம் யாருக்கு, வெள்ளி யாருக்கு: போர்ப் பதக்கங்களைப் பற்றி ஒரு திறந்த மடல்

முன்னோர் பெற்ற போர்ப் பதக்கங்களைப் பெட்டியில் வைத்துக் காத்துவரும் குடும்பத்தாருக்கும், அவற்றைத் தேடிச் சேர்க்கும் சேகரிப்பாளர்களுக்கும்:

போர்ப் பதக்கங்கள் இரு வகைப்படும். குறிப்பிட்ட ஒரு போரில் அல்லது படையெடுப்பில் பங்குகொண்ட எல்லாருக்கும் நினைவாகத் தரப்படுவது ஒரு வகை. தனி ஒருவரின் வீரச் செயலுக்குத் தரப்படுவது மற்றொன்று. இரண்டிலும் வெண்கலம் உண்டு. செம்பும் வெள்ளீயமும் கலந்த இந்த உலோகத்துக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. வெள்ளிப் பதக்கங்கள் பல உருக்குச் சட்டிக்குப் போய்விட்டன. வெண்கலப் பதக்கங்கள் உருக்குவதற்குக்கூட மதிப்பில்லாதவை என்று பரணில் கிடந்தே பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒரு பதக்கம் எந்த உலோகத்தில் அடிக்கப்பட வேண்டும் என்பது பட்டறையில் முடிவானதன்று. அரசவையிலும் போர் அமைச்சகத்திலும் யோசித்து எடுத்த முடிவு அது. பதக்கத்தில் உள்ள உருவத்தைப் படிப்பதற்கு முன் உலோகத்தைப் படிக்க வேண்டும்.

தென்னிந்தியாவோடு நேரடித் தொடர்புள்ள ஒரு பதக்கத்தில் இது தெளிவாகத் தெரியும். 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டை விழுந்தது. திப்பு சுல்தான் களத்தில் மாண்டார். ஜெனரல் ஜார்ஜ் ஹாரிஸின் தலைமையில் சென்ற படையில் சென்னை ராணுவத்தின் சிப்பாய்கள் பெருந்தொகையினர். இந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி பர்மிங்காமில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச் சாலையில் பதக்கம் அடிக்கச் செய்தது. வடிவமைத்தவர் கான்ராட் ஹைன்ரிச் குஷ்லர். பதக்கங்கள் வீரர்கள் கைக்கு வந்து சேர்ந்தது 1808இல்தான். உருவம் எல்லாருக்கும் ஒன்று. உலோகம் மட்டும் ஐந்து. தங்கம் தளபதிகளுக்கு, பொன்முலாம் பூசிய வெள்ளி அடுத்த நிலை அதிகாரிகளுக்கு, வெள்ளி இளநிலை அதிகாரிகளுக்கு, வெண்கலம் ஹவில்தார் நிலையில் இருந்தோருக்கு, வெள்ளீயம் சாதாரண வீரருக்கும் சிப்பாய்க்கும். ஒரே கோட்டை மதிலில் ஒரே நாளில் ஏறியவர்களைப் பதக்கம் ஐந்து படிகளில் நிறுத்திவைத்தது.

அதன் முன்பக்கத்தில் ஒரு சிங்கம் புலியை வீழ்த்தி அதன்மேல் நிற்கிறது. சிங்கம் பிரிட்டன், புலி மைசூர். மேலே பறக்கும் கொடியில் அரபு எழுத்தில் ஒரு வாசகம்: இறைவனின் சிங்கமே வெல்லும் என்பது அதன் பொருள். திப்பு தன் ஆயுதங்களில் புலிமுக வடிவில் வளைத்து வளைத்துப் பொறித்துக்கொண்ட அதே வாசகம் இது. வீழ்ந்தவரின் முழக்கத்தை எடுத்து வென்றவர் தன் கொடியில் எழுதிக்கொண்டார். பின்பக்கத்தில் கோட்டைத் தாக்குதலின் காட்சியும், அதன் அடியில் பாரசீக எழுத்தில் கோட்டையின் பெயரும் நாளும் உள்ளன. சிப்பாய்களுக்கும் நட்பு அரசர்களுக்கும் புரிய வேண்டிய செய்தி என்பதால் பாரசீகமும் அரபும் வந்தன. படத்தையும் எழுத்தையும் இவ்வளவு குறிப்பறிந்து சேர்த்த பதக்கம் கம்பெனி காலத்தில் வேறொன்று இருப்பது அரிது.

வெண்கலத்துக்கு இன்னொரு பிறவி உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி வரை பீரங்கிகள் வெண்கலத்தில் வார்க்கப்பட்டன. எதிரியிடம் பிடித்த பீரங்கியை உருக்கிப் பதக்கம் செய்தால் தனிச் சின்னம் எதுவும் வேண்டியதில்லை. உலோகமே வெற்றிச் சின்னமாகிவிடும். 1843 டிசம்பர் 29 அன்று குவாலியர் படையோடு மகாராஜ்பூரிலும் புன்னியாரிலும் ஒரே நாளில் இரு போர்கள் நடந்தன. பிடிபட்ட மராத்தியப் பீரங்கிகளின் வெண்கலத்திலிருந்து இரண்டு போர்களுக்கும் தனித்தனி நட்சத்திரங்கள் செய்யப்பட்டன. நடுவில் மட்டும் சிறிய வெள்ளி நட்சத்திரம் பதிக்கப்பட்டது. 1880 ஆகஸ்டில் பிரிட்டிஷ் தளபதி ராபர்ட்ஸின் படை காபூலிலிருந்து காந்தகாருக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நடந்து சென்று போரிட்டது. அந்த நடைக்குக் கொடுத்த ஐந்துமுனை நட்சத்திரமும் காந்தகாரில் பிடித்த பீரங்கிகளில் செய்ததே. பிரஷ்யர்கள் இதை வெளிப்படையாக எழுதியே வைத்தார்கள். பிரான்சோடு நடந்த 1870–71 போரின் நினைவுப் பதக்கத்தின் விளிம்பில், பிடிபட்ட பீரங்கியிலிருந்து செய்யப்பட்டது என்று ஜெர்மன் மொழியில் பொறித்திருக்கும். போரிட்டவர்களுக்கு அந்த வெண்கலம். களத்தில் இறங்காமல் பணி செய்தவர்களுக்கு அதே போருக்கான பதக்கம் எஃகில். அங்கே வெண்கலம் மேல்படி.

இந்த மரபில் உலகம் அறிந்தது விக்டோரியா சிலுவை. 1856 ஜனவரி 29 அன்று நிறுவப்பட்ட இந்த விருது கிரிமியப் போரை ஒட்டி வந்தது. செவாஸ்தபோலில் பிடித்த ருஷ்யப் பீரங்கிகளின் உலோகம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. பிற்கால ஆய்வில் அந்த உலோகத்துக்கு மூலமான பீரங்கிகள் சில சீனாவில் வார்க்கப்பட்டவை என்று தெரிந்தது. இலண்டனின் ஹான்காக்ஸ் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்துவருகிறது. பீரங்கி வெண்கலம் கடினமானது, அழுத்தி அடித்தால் அச்சுகள் தெறித்துப்போயின. அதனால் சிலுவை அச்சில் அடிக்கப்படாமல் மணல் அச்சில் வார்த்துக் கையால் செதுக்கிச் சரிசெய்யப்படுகிறது. நாணயம்போல் வழவழப்பில்லாமல் சற்றே கரடாக, கரும்பழுப்பாக அது இருப்பதற்கு இதுவே காரணம். பார்வைக்கு எளிமையாக இருக்க வேண்டும் என்பது திட்டமிட்ட எண்ணம். பொன்னும் மணியும் பதித்த அரச விருதுகள் பிறப்பையும் பதவியையும் காட்டின. இந்த விருதைப் பெறப் பதவி ஒரு தடையாகக் கூடாது என்று விதி எழுதப்பட்டது. முதலில் திட்டமிட்ட வாசகம் ‘தீரர்களுக்கு’ என்ற பொருள் தந்தது. அப்படி எழுதினால் சிலுவை பெறாத வீரர்கள் தீரமற்றவர்களா என்ற கேள்வி எழும் என்று கருதிய விக்டோரியா அரசி அதைத் ‘தீரத்துக்காக’ என்று மாற்றினார். நல்ல திருத்தம். ஆனாலும் பதவித் தடை நீங்கிய இடத்தில் இனத் தடை நின்றது: இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தச் சிலுவை 1911 வரை திறக்கப்படவில்லை.

பீரங்கிக் கதையைத் தாண்டி, நினைவுக்காகவே வெண்கலத்தைத் தேர்ந்த எடுத்துக்காட்டு பிரான்சில் உள்ளது. மூன்றாம் நெப்போலியன் 1857இல் செயின்ட் ஹெலினா பதக்கத்தை நிறுவினார். முதலாம் நெப்போலியன் காலத்துப் போர்களில் போரிட்டு அப்போதும் உயிரோடிருந்த முதியவர்களுக்காக அது அடிக்கப்பட்டது. வாட்டர்லூ முடிந்து 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. முன்பக்கத்தில் பேரரசரின் பக்கவாட்டு முகம். பின்பக்கத்தில், தம் புகழில் பங்கேற்ற தோழர்களையே இறுதியாக நினைத்தார் என்ற செய்தியும் அவர் இறந்த 1821 மே 5 என்ற நாளும். பச்சையும் சிவப்பும் கலந்த நாடாவில் தொங்கிய அந்த எளிய வெண்கலம் சுமார் நான்கு லட்சம் பேருக்குப் போய்ச் சேர்ந்தது. தளபதி, சிப்பாய் என்ற வேறுபாடு அதில் இல்லை.

பிரிட்டிஷ் இந்தியாவில் வெண்கலம் எதிர்த்திசையில் போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து ஒரு வழக்கம் உறுதிப்பட்டது: படைவீரருக்கு வெள்ளிப் பதக்கம், படையோடு சென்ற தண்ணீர் சுமப்போர், டோலி தூக்குவோர், குதிரை பார்ப்போர், கோவேறு கழுதை ஓட்டுவோர் ஆகியோருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். 1903–04 திபெத் படையெடுப்பின் பதக்கம் இதற்கு நல்ல சான்று. பின்பக்கத்தில் லாசாவின் போட்டாலா அரண்மனை மலைமேல் உயர்ந்து நிற்கும். வெள்ளியிலும் அதே அரண்மனை, வெண்கலத்திலும் அதே அரண்மனை. இமயத்தின் கணவாய்களில் சுமை ஏற்றிப் போனவர்கள் இல்லாமல் அந்தப் படை லாசாவைப் பார்த்திருக்காது. இருந்தும் அவர்களுக்குக் கிடைத்தது அடுத்த தரத்து உலோகம். இது அநியாயம் என்று இன்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை. ஆனால் ஒரு பயன் விளைந்தது. இந்த வெண்கலப் பதக்கங்களின் விளிம்பில் பெற்றவரின் பெயரும் தொழிலும் பொறிக்கப்பட்டன. வேறெந்த நூலிலும் கல்வெட்டிலும் இடம்பெறாத ஒரு தண்ணீர் சுமப்பவரின் பெயர் இப்படித்தான் நின்றது. வெண்கலத்தில் வந்த எல்லாமே தாழ்ந்தவை என்று கொள்ளவும் முடியாது. 1882இல் எகிப்துப் போரில் பங்குகொண்ட பிரிட்டிஷ், இந்தியப் படையினருக்கு எகிப்தின் ஆட்சியாளரான கெதீவ் கொடுத்த நட்சத்திரம் முழுக்க வெண்கலம். நடுவில் ஸ்பிங்ஸும் பிரமிடுகளும். சென்னை சாப்பர்கள் எனப்பட்ட படைப் பொறியாளர்கள் அந்தப் போரின் டெல் எல் கெபீர் களத்தில் இருந்தவர்கள். அவர்கள் அணிந்ததும் தளபதி அணிந்ததும் ஒரே நட்சத்திரம்.

முதல் உலகப் போர் இந்த முரண்பாடுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து குவித்தது. தமிழ்நாட்டுக் குடும்பங்களில் கிடைக்கும் பழைய பதக்கங்களில் இப்போரைச் சேர்ந்தவை மிகுதி என்பதால் இங்கே சற்று நிற்பது தேவை.

போர் முடிந்ததும் 1919இல் நேச நாடுகள் கூடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு வெற்றிப் பதக்கம் வேண்டும் என்று முடிவு செய்தன. அந்த யோசனையை முன்வைத்தவர் பிரெஞ்சு மார்ஷல் ஃபோஷ். விட்டம் 36 மில்லிமீட்டர், உலோகம் வெண்கலம், முன்பக்கத்தில் சிறகுள்ள வெற்றித் தேவதை, நாடாவில் இரட்டை வானவில்: இவை எல்லாருக்கும் பொது. வரைவது மட்டும் ஒவ்வொரு நாட்டின் கலைஞரிடமும் விடப்பட்டது. பிரிட்டனுக்கு வில்லியம் மக்மில்லன் வரைந்தார். அவருடைய தேவதை நேர்முகமாக நின்று இடக்கையை நீட்டி, வலக்கையில் ஈந்தோலை ஏந்தியிருக்கிறாள். எழுத்து ஒன்றும் இல்லை. பின்பக்கத்தில் இலைமாலைக்குள், நாகரிகத்துக்காக நடந்த மாபெரும் போர் என்ற வாசகமும் 1914–1919 என்ற ஆண்டுகளும். அமெரிக்காவுக்கு ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசரும் பிரான்சுக்கு மோர்லோனும் வரைந்த தேவதைகள் வேறு வேறு நிலையில் நிற்பவை. சிறகுள்ள பெண் என்பது கிரேக்க, ரோமானிய மரபின் உருவம். ஜப்பானியருக்கு அவள் அந்நியள். எனவே ஜப்பான் தன் புராணத்தின் போர்த்தெய்வமான தகெமிகசுச்சியை முன்பக்கத்தில் நிறுத்தியது. சயாமும் தன் மரபுக்குரிய உருவையே நாடியது. தென்னாப்பிரிக்கா தேவதையை வைத்துக்கொண்டு வாசகத்தை ஆங்கிலத்திலும் டச்சிலும் எழுதியது. நாடாவின் இரட்டை வானவில்லில் இரண்டு சிவப்புகளும் நடுவில் கூடும்; புயலுக்குப் பின் வரும் அமைதி என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரிட்டன் கொடுத்த வெற்றிப் பதக்கங்கள் மட்டும் சுமார் 57 லட்சம். பஞ்சாபின் சிப்பாய்க்கும் இலண்டனின் அதிகாரிக்கும் ஒரே வெண்கலம்.

இதன் ஜோடி, பிரிட்டிஷ் போர்ப் பதக்கம். அதன் பின்பக்கமும் மக்மில்லன் வரைந்ததே. முன்பக்கத்தில் ஐந்தாம் ஜார்ஜின் முகம். பின்பக்கத்தில் ஆடையற்ற ஒரு குதிரைவீரன், செயின்ட் ஜார்ஜ். குதிரையின் குளம்படியில் எதிரிப் பேரரசுகளின் கழுகுக் கேடயம், ஒரு மண்டையோடு, எலும்புகள். மேலே எழும் ஞாயிறு. டாங்கியும் விஷவாயுவும் ஆண்ட போரைக் காட்ட ஆடையற்ற வீரனையும் குதிரையையும் தேர்ந்தது பலருக்கு வியப்பளித்தது. எந்தக் காலத்துக்கும் பொருந்தும் உடல்வலிமையையும் மனவலிமையையும் காட்டுவதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. இந்தப் பதக்கம் வெள்ளி. 65 லட்சத்தை ஒட்டி அடிக்கப்பட்டது. அதே படத்தை வெண்கலத்தில் அடித்தது சுமார் 1,10,000. அவை போனது சீன, இந்திய, மால்ட்டா தொழிலாளர் படைகளுக்கு. பதுங்குகுழி வெட்டியும் தண்டவாளம் பாவியும் கப்பலில் சரக்கு இறக்கியும் பணிசெய்தவர்கள் அவர்கள்.

சீனத் தொழிலாளர் படைக்கு வந்த வெண்கலப் பதக்கத்தின் விளிம்பைப் பார்ப்பவர் மனம் கனக்காமல் இருக்காது. அங்கே பெயர் இல்லை. ஓர் எண்ணும் படையின் பெயரும் மட்டும் பொறித்திருக்கும். வெற்றிப் பதக்கம் அவர்களுக்குத் தரப்படவே இல்லை.

அதே ஆண்டுகளில் அதே அரசு, அதே உலோகத்தில், இதற்கு நேர்மாறான ஒன்றையும் செய்தது. போரில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரு நினைவுத் தகடு அனுப்ப முடிவு செய்து 1917இல் போட்டி வைத்தார்கள். 800க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. வென்றவர் லிவர்பூல் சிற்பி எட்வர்ட் கார்ட்டர் பிரெஸ்டன். உள்ளங்கையை நிறைக்கும் 12 சென்டிமீட்டர் வட்டம். பிரிட்டானியா இலைமாலையை நீட்டி நிற்க, அவள் முன் சிங்கம். கடற்படையைக் குறிக்க இரண்டு டால்ஃபின்கள். அடிப்பகுதியில் ஒரு சிறு சிங்கம் கழுகைக் கடித்துக் கிழிக்கிறது. சுற்றி ஓடும் வாசகம், விடுதலைக்கும் மானத்துக்கும் அவர் உயிர் கொடுத்தார் என்பது. ஒரு செவ்வகக் கட்டத்துக்குள் இறந்தவரின் பெயர். பதவி இல்லை. ஜெனரல் இறந்தாலும் சிப்பாய் இறந்தாலும் பெயர் மட்டும்தான். தியாகத்தில் படிநிலை இல்லை என்பதற்காகவே பதவியை விலக்கினார்கள். அந்தப் பெயரும் பின்னால் வெட்டிச் சேர்த்ததன்று. ஒவ்வொரு தகட்டுக்கும் தனித்தனியாக எழுத்துக் கோத்து, வார்க்கும்போதே புடைப்பாக எழும்படி செய்தார்கள். பதின்மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட தகடுகளில் இந்த உழைப்பு. பெண்களுக்காக வாசகத்தை மாற்றி அடித்தவை சில நூறு. இந்தியக் குடும்பங்களுக்கும் இவை வந்தன. இங்கிலாந்தில் மக்கள் இதைச் செத்தவன் காசு என்று கசப்போடு அழைத்தார்கள். துக்கத்தில் இருந்தவர்களுக்கு அது இழப்பின் விலைபோலத் தோன்றியது. ஆனாலும் போர் நினைவுச் சின்னங்களில் இதைவிட நேர்மையான வடிவமைப்புக் கொள்கை அமைந்தது அபூர்வம். எண் மட்டும் பொறித்த சீனத் தொழிலாளியின் வெண்கலத்தையும், பெயர் மட்டும் பொறித்த இந்த வெண்கலத்தையும் அருங்காட்சியகங்கள் அருகருகே வைத்துக் காட்டினால் நீண்ட விளக்கப் பலகை தேவைப்படாது.

சுதந்திர இந்தியா தன் விருதுகளை வடிவமைத்தபோது உலோகத்தைப் பற்றிய இந்தப் பழைய கேள்வி மீண்டும் வந்தது. பொறுப்பேற்ற மேஜர் ஜெனரல் ஹீரா லால் அட்டல், வடிவமைப்பைச் சாவித்திரி கானோல்கரிடம் ஒப்படைத்தார். சுவிட்சர்லாந்தின் நியூஷாட்டெலில் பிறந்து, இந்திய ராணுவ அதிகாரி விக்ரம் கானோல்கரை மணந்து, இந்திய மரபுகளில் ஆழ்ந்த படிப்புள்ளவர் அவர். 1950 ஜனவரி 26 அன்று, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லும்படியாக, பரம வீர சக்கரம் நிறுவப்பட்டது. சுமார் 35 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெண்கல வட்டம். நடுவில் அசோகச் சிங்க முத்திரை. அதைச் சுற்றி இந்திரனின் வஜ்ராயுதம் நான்கு. விருத்திராசுரனை அழிக்க ஆயுதம் வேண்டியபோது ததீசி முனிவர் தன் உயிரை விட்டு முதுகெலும்பைக் கொடுத்தார் என்பது புராணம். அந்த எலும்பில் செய்ததே வஜ்ரம். போர்வெற்றியைக் காட்டும் சிங்கமும் புலியும் கழுகும் போய், தன்னையே கொடுத்தவரின் எலும்பு வந்தது. ஒன்றரை நூற்றாண்டுப் பதக்கக் கலையில் இது பெரிய திருப்பம். பின்பக்கத்தில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் விருதின் பெயரும் இரண்டு தாமரைகளும். நாடா கலப்பில்லாத ஊதா. விருது முதலில் போய்ச் சேர்ந்தது 1947 நவம்பரில் பத்காமில் மாண்ட மேஜர் சோம்நாத் சர்மாவுக்கு. அவர் சாவித்திரியின் மகளுடைய மைத்துனர். இதுவரை பெற்றவர் 21 பேர். அவர்களில், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் மாண்ட மேஜர் ராமசுவாமி பரமேஸ்வரன் தமிழ்க் குடும்பத்தவர்.

பரம வீர சக்கரத்துக்கு அடுத்த படியான மகா வீர சக்கரமும் அதற்கும் அடுத்த வீர சக்கரமும் வெள்ளியில் செய்யப்படுகின்றன. வெண்கலம் வெள்ளிக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. ஆனால் போர்முனைக்கு வெளியே காட்டும் வீரத்துக்கான வரிசையில் பழைய படிநிலையே நடக்கிறது: அசோக சக்கரம் பொன்முலாம், கீர்த்தி சக்கரம் வெள்ளி, சௌரிய சக்கரம் வெண்கலம். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு மறைவுக்குப் பின் தரப்பட்டது இவற்றில் முதலாவது. ஒரே நாட்டின் இரு வரிசைகளில் வெண்கலம் ஒன்றில் உச்சியிலும் மற்றொன்றில் கடைசியிலும் இருக்கிறது. ஆகவே வெண்கலம் என்று கண்டவுடன் மூன்றாம் பரிசு என்று கொள்ளும் விளையாட்டுப் போட்டிப் பழக்கத்தைப் போர்ப் பதக்கங்களிடம் கொண்டுபோகக் கூடாது.

குடும்பங்களில் உள்ள பதக்கங்களுக்கு இன்று பெரிய ஆபத்து திருட்டோ உருக்குவதோ அன்று, தேய்த்துப் பளபளப்பாக்குவதுதான். குத்துவிளக்கைத் துலக்குவதுபோலப் புளியோ சாம்பலோ துலக்குப் பொடியோ போட்டுத் தேய்த்தால் அடித்தபோதே ஏற்றிய பழுப்பு நிறம் போய்விடும். அதைத் திரும்ப ஏற்ற முடியாது. அதைவிடக் கேடு, விளிம்பு எழுத்துகள் மழுங்குவது. எண், பதவி, பெயர், பட்டாளம் என்று ஒரு மில்லிமீட்டர் உயரத்தை ஒட்டிப் பொறித்த அந்த வரியே பதக்கத்துக்கும் மனிதருக்கும் உள்ள ஒரே இணைப்பு. முதல் உலகப் போரின் வெள்ளிப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் இந்த வரி உண்டு. இரண்டாம் உலகப் போரின் நட்சத்திரங்களைப் பிரிட்டன் பெயர் பொறிக்காமலே கொடுத்தது. இந்தியா பொறித்துக் கொடுத்தது. அந்த வரியைச் சாய்வான வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் படித்து, எழுதிவைத்து, படம் எடுத்துக்கொள்வது முதல் வேலை. பழைய எழுத்துக்கூட்டல் விசித்திரமாக இருக்கும். திருத்தாமல் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். ஆவணக் காப்பகத்தில் தேடும்போது அந்தப் பிழைதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

களிம்பு பிடித்த பச்சைப் புள்ளிகள் பொடியாக உதிர்ந்தால், உப்பும் ஈரமும் உலோகத்தைத் தின்கின்றன என்று பொருள். கடலோர ஊர்களில் இது அதிகம். அப்போது அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவினரிடம் காட்டுவதே சரி. வீட்டு வைத்தியம் கூடாது. பிவிசி உறைகளும் தோல் பெட்டிகளும் வெளியிடும் அமிலப்புகை வெண்கலத்தைக் கெடுக்கும்; அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைப்பது நல்லது. கிழிந்த நாடாவைத் தூக்கி எறிந்து புதியது மாட்டுவதும் இழப்பே. பழைய நாடாவின் நிறமும் அகலமும் எந்தப் பதக்கம், எந்தக் காலம் என்பதற்குச் சான்று.

சேகரிப்பாளர்களுக்குத் தனியாக இரண்டு செய்திகள். ஒரே ஆளுக்குரிய வெள்ளியும் வெண்கலமும் ஜோடியாக வந்தால் விலை கருதிப் பிரித்து விற்கலாகாது. பிரிந்த ஜோடிகள் மீண்டும் சேர்வது அரிது. நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் தடுக்கிறது. முதல் உலகப் போரின் பதக்கங்கள் இப்போது அந்த வயதைத் தாண்டிவிட்டன.